முகக்கவசமும் நுண்ணிழையும்

மருத்துவர்கள் அணியும் மெல்லிய நீலநிற முகக்கவசத்தைக் காண்போர் அதனைத் துணி என்றே எண்ணுவர். அதில் பருத்தியும் இல்லை, நெசவும் இல்லை. அதன் மூன்று அடுக்குகளும் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. இத்தாலி நாட்டு மிலான் நகரில் 1954-ஆம் ஆண்டில் இப்பொருளை ஆக்கிக் காட்டிய வேதியியல் அறிஞர் கியூலியோ நாட்டா, 1963-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

நடு அடுக்கே கவசத்தின் உயிர். உருகிய பிளாஸ்டிக்கை நுண்துளைகளின் வழியே தள்ளி, வெளிவரும்போதே வெப்பக் காற்றால் விசையுடன் ஊதுகின்றனர். திருவிழாவில் பஞ்சுமிட்டாய் செய்வோர் சருக்கரைப் பாகை இழையாக்குவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். அங்கே சுழற்சி செய்யும் வேலையை இங்கே காற்று செய்கிறது. நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். இவ்விழைகளின் தடிமனோ சில மைக்ரோமீட்டரே. அவற்றுக்கு மின்னேற்றமும் ஊட்டுவதால், நேரே வந்து மோதாத துகள்களையும் தம்பால் ஈர்த்துக்கொள்கின்றன. கொரோனாக் காலத்தில் நம்மைக் காத்தது இந்த நுண்மையே. கேடு விளைவிப்பதும் அதுவே என்பதுதான் வருந்தத்தக்கது.

இவ்விழைகள் ஊடும் பாவுமாகப் பின்னப்பட்டவை அல்ல. ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒட்டிக் கிடப்பவை. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அவற்றின் நெடிய மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்க, இழை நொறுங்கும் தன்மை அடைகிறது. பிறகு அலையும் மணலும் அதனை உதிர்த்துவிடுகின்றன. நாட்டா வாழ்ந்த அதே மிலான் நகரின் ஆய்வாளர் சிலர், ஒரு கவசத்தை 180 மணி நேரம் புற ஊதா ஒளியில் வைத்து, செயற்கைக் கடல்நீரில் வேகமாகக் கலக்கிப் பார்த்தனர். நாளொன்றுக்கு 1,73,000 இழைகள் வரை உதிரக்கூடும் என்று 2021-இல் எழுதினர். ஆய்வுக்கூடக் கலக்கலும் கடலலையும் ஒன்றல்ல. ஆகவே இதனை மேல்வரம்பு என்றே கொள்ளவேண்டும். எனினும், பத்தில் ஒரு பங்கே உதிர்ந்தாலும் அது சிறு தொகையன்று.

2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஹாங்காங்கைச் சேர்ந்த, மக்கள் குடியிராத சோகோ தீவுகளில், 100 மீட்டர் நீளக் கடற்கரையில் 70 கவசங்கள் ஒதுங்கிக் கிடந்தன. நீரைவிட இலேசானதால் இப்பொருள் மிதந்தே நெடுந்தொலைவு செல்லும். கவசமாக ஒதுங்கியதைக் கையால் பொறுக்கிவிடலாம். காதுவளையத்தை அறுத்துவிட்டு எறிவோரும் உளர். அதனால் பறவையின் கால் சிக்காமல் தப்பும், இழை உதிர்வது நிற்காது.

உதிர்ந்த இழைமீது பாசி படியப் படிய அது கனத்து மெல்ல அமிழ்கிறது. அங்கே நீரை உறிஞ்சி வடிகட்டி உணவு கொள்ளும் சிப்பிகள் உள்ளன. உலகின் பல கடல்களில் எடுத்த சிப்பிகளின் உடலில் பிளாஸ்டிக் நுண்ணிழைகளைக் கண்டிருக்கின்றனர். நாம் துவைக்கும் செயற்கை இழை ஆடைகளிலிருந்து வந்தவையும் அவற்றுள் உண்டு.