குடிகாரரைத் தேடிய குடிகாரர்!

அமெரிக்காவில், ஓகியோ மாநிலத்தில், ஏக்ரன் என்று ஓர் ஊர் இருக்கிறது. ரப்பர் டயருக்குப் பெயர் போன ஊர். 1935-ம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி, சனிக்கிழமை, அந்த ஊர் மேபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில் ஒருவர் இப்படியும் அப்படியும் நடந்து கொண்டு இருந்தார்.

அவர் பெயர் பில் வில்சன். வயது 39. நியூயார்க்கில் பங்கு வியாபாரத்தில் இருந்தவர். ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் காரியமாக ஏக்ரனுக்கு வந்தார். காரியம் தோற்றுப் போயிற்று. கூட வந்தவர்கள் ஊருக்குத் திரும்பி விட்டார்கள். அவர் பையில் மிச்சம் இருந்தது சுமார் 10 டாலர்.

கூடத்தின் ஒரு பக்கத்தில் "பார்" இருந்தது. உள்ளே இருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டன. வில்சனுக்கு நாக்கு வறண்டது. "ஒரே ஒரு கிளாஸ்" என்று மனம் சொன்னது.

அவர் சாதாரணக் குடிகாரர் அல்ல. குடியினால் உத்தியோகத்தை இழந்தவர். நியூயார்க்கில் டவுன்ஸ் ஆஸ்பத்திரியில் பல முறை கிடந்தவர். "இனியும் குடித்தால் சாவார், இல்லாவிட்டால் பைத்தியம் பிடிக்கும்" என்று டாக்டர் சில்க்வொர்த் அவருடைய மனைவி லோயிசிடம் சொல்லி இருந்தார். கடைசியாக 1934 டிசம்பர் 11-ந் தேதி குடித்தார். அன்றைக்குச் சரியாக 5 மாதம் ஆகி இருந்தது.

கூடத்தின் மறுபக்கத்தில் டெலிபோன் இருந்தது. பக்கத்தில் ஊரில் உள்ள மாதாகோவில்களின் பட்டியல் தொங்கியது. வில்சன் பாருக்குள் போகவில்லை. டெலிபோனை எடுத்தார். ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டார். "நான் ஒரு குடிகாரன். இந்த ஊரில் உள்ள வேறு ஒரு குடிகாரனோடு நான் பேச வேண்டும். யாராவது இருக்கிறார்களா?" என்கிற விதமாகக் கேட்டார்.

பாதிரியார் திகைத்து இருப்பார். ஆனாலும் சில பேர்களைக் கொடுத்தார். ஒருவரைக் கேட்டு இன்னொருவர் என்று போய், கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற அம்மாள் கிடைத்தார். அவருக்கு ஒரு குடிகாரரைத் தெரியும். அவர் ஒரு டாக்டர்!

டாக்டரின் பூந்தொட்டி

டாக்டர் பாப் சுமித், ஏக்ரனில் அறுவை சிகிச்சை செய்பவர். வயது 55. நல்ல படிப்பாளி. ஆனால் கை நடுங்கும் டாக்டரிடம் யார் உடம்பைக் கொடுப்பார்கள்? தொழில் படுத்து விட்டது. வீட்டின் மேல் கடன்.

அவர் மனைவி ஆனி, வீடு முழுவதும் சோதனை போடுவார். டாக்டர் அதற்கு மேல். நிலக்கரித் தொட்டியில் பாட்டிலை ஒளிப்பார். நிலவறை உத்திரத்தின் மேல் வைப்பார். அழுக்குத் துணி போடும் துவாரத்தில் போடுவார். இதை எல்லாம் பிற்காலத்தில் அவரே எழுதி இருக்கிறார். இப்படி ஒளிக்கும் இடங்கள் எல்லா நாட்டிலும் உண்டு. நம் ஊரில் அரிசிப் பானையும் வைக்கோல் போரும் என்றால், அங்கே நிலக்கரித் தொட்டி.

ஹென்ரியட்டா அம்மாள் அன்றைக்கே டாக்டரை அழைத்தார். அவரால் வர முடியவில்லை. மறுநாள் அமெரிக்காவில் அன்னையர் தினம். அதற்காக மனைவிக்கு ஒரு பூந்தொட்டி வாங்கி வந்தார், டாக்டர். தொட்டியை மேஜை மேல் வைத்தார். பிறகு போதையில் படுத்து விட்டார்.

மறுநாள் மாலை 5 மணிக்கு வந்தார். "15 நிமிடம்தான் இருப்பேன்" என்று மனைவியிடம் முன்பே சொல்லி விட்டார். புத்திமதி கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்து இருந்தது.

அவர் எழுந்து போனபோது இரவு 11 மணி தாண்டி விட்டது!

அந்த 6 மணி நேரத்தில் வில்சன் என்ன சொன்னார்? புத்திமதி சொல்லவில்லை. தன்னுடைய கதையைச் சொன்னார். எப்படிக் குடித்தேன், எப்படிப் பொய் சொன்னேன், எப்படி விழுந்தேன் என்று சொன்னார். இது கெட்ட குணம் மட்டும் அல்ல, நோயும்கூட என்று தனக்கு டாக்டர் சொன்னதைச் சொன்னார். "உங்களைத் திருத்த நான் வரவில்லை. உங்களோடு பேசினால்தான் நான் குடிக்காமல் இருப்பேன்" என்பதே அவர் பேச்சின் சாரம்.

டாக்டர் சுமித் மருத்துவப் புத்தகங்களைப் படித்தவர். குடியைப் பற்றி வில்சன் சொன்ன விவரங்கள் அவருக்கு உதவியாகத்தான் இருந்தன. ஆனால், பட்டு அறிந்து பேசிய முதல் மனிதர் அவர்தான் என்று டாக்டர் பிறகு எழுதினார்.

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். வழி காட்டியவருக்கு வயது 39. கேட்டவருக்கு வயது 55. நம்மில் பெரியவர் பேசுவார், சின்னவர் கேட்பார். இங்கே அது தலைகீழ்! குடியை விட்ட விஷயத்தில், 5 மாதம் முந்தியவர்தான் மூத்தவர்.

ஒரு பாட்டில் பீர்

உடனே எல்லாம் சரியாகி விட்டது என்று நினைக்க வேண்டாம். வில்சன், டாக்டர் வீட்டிலேயே வந்து தங்கினார். சில வாரங்கள் நன்றாகப் போயின. டாக்டர்கள் மாநாடு ஒன்றுக்காக சுமித் அட்லாண்டிக் சிட்டிக்குப் போனார். போன இடத்தில் குடித்தார். நினைவு தப்பும் அளவுக்குக் குடித்தார்.

திரும்பி வந்தவரை வில்சன் திட்டவில்லை. ஆனியும் வில்சனும் பக்கத்தில் இருந்து அவரைத் தெளிய வைத்தார்கள். இதற்கு நடுவில் ஓர் அறுவை சிகிச்சை செய்ய வேண்டி இருந்தது. ஜூன் 10-ந் தேதி காலை. டாக்டரின் கை நடுங்கியது. வில்சன் அவரை ஆஸ்பத்திரிக்குக் காரில் அழைத்துப் போனார். வாசலில் ஒரு பாட்டில் பீரைக் கொடுத்தார்! கை நடுக்கம் அடங்குவதற்காக.

இன்றைய டாக்டர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். ஒப்பவும் கூடாது. ஆனால் நடந்தது அதுதான்.

சிகிச்சை முடிந்தது. டாக்டர் வீட்டுக்கு வரவில்லை. பல மணி நேரம் ஆயிற்று. வீட்டில் இருந்தவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆனால் அவர் குடிக்கப் போகவில்லை. கடன் கொடுத்தவர்கள், மனத்தாங்கல் உள்ளவர்கள் ஆகியோரை வீடு வீடாகத் தேடிப் போய்ச் சமாதானம் பேசி விட்டு இரவில் திரும்பினார். அந்த பீர்தான் அவருடைய கடைசிக் குடி. 1950 நவம்பர் 16-ந் தேதி இறக்கும் வரை அவர் மதுவைத் தொடவில்லை.

அந்த ஜூன் 10-ந் தேதியைத்தான் "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்" என்ற சங்கத்தின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறார்கள். "பெயரை வெளியே சொல்லாத குடிகாரர்கள்" என்று அதற்குப் பொருள். இன்று உலகம் எங்கும் அதற்குக் கிளைகள் உண்டு. தமிழ்நாட்டிலும் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. சந்தா கிடையாது. "குடிக்காமல் இருக்க வேண்டும்" என்ற ஆசை ஒன்று போதும்.

பூ அறையில் நோயாளி

சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர், பழையவர் ஒருவரைத் துணையாகப் பிடித்துக் கொள்ள வேண்டும் என்பார்கள். அந்தத் துணைக்கு "ஸ்பான்சர்" என்று பெயர். நம் பேச்சில் சொன்னால் ஜாமீன்தாரர்.

இந்தப் பெயர் வந்த கதை சுவையானது. அந்தக் காலத்தில் குடிகாரர்களை ஆஸ்பத்திரிகள் சேர்க்கமாட்டா. கலாட்டா செய்வார்கள், பணமும் தரமாட்டார்கள் என்று பயம். ஏக்ரனில், செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் இக்னேஷியா என்ற கன்னிகாஸ்திரீ இருந்தார். 1939-ல் டாக்டர் சுமித் கேட்டுக் கொண்டதன் பேரில், ஒரு குடிகாரரை "வயிற்று அழற்சி" என்று எழுதிச் சேர்த்தார்! நோயாளிகளுக்கு வரும் பூக்களை அடுக்கும் சிறு அறையில் அவருக்குப் படுக்கை போட்டார்.

பிறகு சில ஆஸ்பத்திரிகள் கதவைத் திறந்தன. ஆனால் ஒரு நிபந்தனை. குடியை விட்ட ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும். அவரே நோயாளியை அழைத்து வருவார். நாள் தவறாமல் வந்து பார்ப்பார். குணமானதும் வீட்டுக்குக் கூட்டிப் போவார். அங்கிருந்து சங்கத்தின் கூட்டத்துக்கு அழைத்துப் போவார். அவர்தான் ஸ்பான்சர். செயின்ட் தாமசிலும் வெளியிலும் சுமார் 5 ஆயிரம் குடிநோயாளிகளுக்கு டாக்டர் சுமித் கட்டணம் வாங்காமல் வைத்தியம் செய்தார்.

ஸ்பான்சருக்குச் சம்பளம் இல்லை. அவர் டாக்டரும் அல்ல. கடன் கொடுப்பவரும் அல்ல. வேளை கெட்ட வேளையில் டெலிபோன் மணி அடித்தால் எடுக்க வேண்டும். அதுதான் முதல் வேலை. "கடை வாசலில் நிற்கிறேன், கால் உள்ளே இழுக்கிறது" என்று ஒருவன் சொன்னால், அவனோடு பேச்சுக் கொடுக்க வேண்டும். குடிக்கத் தோன்றும் வேகம் பெரும்பாலும் நெடுநேரம் நிற்பதில்லை. அந்தச் சிறிது நேரத்தைத் தாண்டி விட வேண்டும். இன்றைக்கு மட்டும் குடிக்காமல் இருந்தால் போதும். நாளைக்கு வேறு நாள் என்பது அவர்கள் கணக்கு.

அடுத்த வேலை கடினமானது. சங்கத்தில் 12 படிகள் இருக்கின்றன. ஐந்தாவது படியில், தான் செய்த தவறுகளை எல்லாம் கடவுளுக்கும், தனக்கும், இன்னொரு மனிதருக்கும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எட்டாவது படியில், யார் யாருக்குத் தீங்கு செய்தோம் என்று பட்டியல் போட வேண்டும். ஒன்பதாவது படியில், அவர்களிடம் போய்ச் சரிக்கட்ட வேண்டும். இப்படிப்பட்ட பட்டியலைத் தனியாக உட்கார்ந்து எழுதினால் பாதிப் பேர் விட்டுப் போவார்கள். பக்கத்தில் ஒருவர் இருந்து, "மனைவியின் பெயரைக் காணோமே?" என்று கேட்க வேண்டும்.

ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று துணை கொள்வது வழக்கம். பிடிக்காவிட்டால் மாற்றிக் கொள்ளலாம். இது நல்ல ஏற்பாடு என்பேன். குருவை மாற்றினால் பாவம் என்ற பயம் இங்கே இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீர் என்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்; புத்தி தடுமாறலாம்; உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். துணைவர் வருவது அதற்குப் பிறகு.

இது பலன் தருகிறதா? 2020-ல் காக்ரேன் என்ற உலக மருத்துவ ஆய்வு அமைப்பு, 10 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய 27 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தது. நோயாளியை முறைப்படி இந்தச் சங்கத்துடன் இணைத்து விடும் சிகிச்சையினால், அடியோடு குடியை விட்டவர்கள் மற்ற சில சிகிச்சைகளைவிட அதிகம் என்று தெரிந்தது. எல்லோரும் விட்டு விடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

லோயிஸ் வீசிய செருப்பு

பில் வில்சனின் மனைவி லோயிஸ், துணிமணி விற்கும் பெரிய கடையில் வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர். கணவரைத் திருத்தப் பல வருடம் பாடுபட்டார். முடியவில்லை. யாரோ வந்து பேசினார்கள். கணவர் குடியை விட்டு விட்டார்! லோயிசுக்குச் சந்தோஷம்தான். ஆனால் உள்ளுக்குள் ஒரு குமுறல். "கூட்டத்துக்கு நேரமாகிறது, கிளம்பு" என்று கணவர் ஒரு நாள் சொன்னார். லோயிஸ் காலணியைக் கழற்றி அவர் மேல் வீசினார்!

எறிந்த பிறகுதான், தன் மனமும் புண்பட்டுக் கிடப்பதை உணர்ந்தார். குடிப்பவருக்குத் துணை வேண்டும் என்றால், குடிப்பவரோடு வாழ்கிறவருக்கு வேண்டாமா? 1951-ல் லோயிசும் இன்னொரு பெண்மணியும் சேர்ந்து, குடும்பத்தாருக்காக "அல்-அனான்" என்ற தனிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சென்னையில் சாந்தி ரங்கநாதன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். அவர் 1980-ல் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை நிலையம் தொடங்கினார். 1992-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் லோயிசின் கட்சி என்றே எனக்குத் தோன்றுகிறது.

வில்சனின் வழிகாட்டி யார்?

டாக்டருக்கு வில்சன் வழி காட்டினார். வில்சனுக்கு யார் காட்டியது?

எபி தாட்சர். வில்சனின் பிள்ளைப் பிராயத்து நண்பர். அவரும் பெரிய குடிகாரர். 1934-ல் அவரை மனநோய் விடுதிக்கு அனுப்ப இருந்தார்கள். குடியை விட்ட ஒருவர் குறுக்கிட்டுக் காப்பாற்றினார். அந்த ஆண்டு நவம்பரில் எபி, புரூக்ளினில் இருந்த வில்சன் வீட்டுக்கு வந்தார். சமையல் அறை மேஜையில், அன்னாசிச் சாறு கலந்த ஜின் தயாராக இருந்தது. வில்சன் ஊற்றிக் கொடுத்தார். எபி கிளாசைத் தள்ளி வைத்தார். "எனக்கு வேண்டாம்" என்றார். வில்சனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதில் இருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

ஆனால் எபி நிலைக்கவில்லை. 1937-ல் மறுபடியும் குடித்தார். விடுவார், பிறகு விழுவார். பல வருடம் இப்படியே போயிற்று. வில்சன் அவரைக் கைவிடவில்லை. பண உதவி செய்தார். இடம் பார்த்துக் கொடுத்தார். கடைசியில் நியூயார்க் மாநிலத்தில், பால்ஸ்டன் ஸ்பா என்ற ஊரில், குடிநோயாளிகளைப் பராமரித்த ஒரு பண்ணை வீட்டில் எபி குடிக்காமல் இருந்தார். 1966 மார்ச் 21-ந் தேதி இறந்தார்.

வில்சன் 1971-ல் இறந்தார். குடியை விட்டு 36 வருடம் ஆகி இருந்தது. "உங்கள் ஸ்பான்சர் யார்?" என்று கேட்டால், கடைசி வரை அவர் சொன்ன பெயர் எபி.