வயிற்று வலி என்று சொல்லும் பிள்ளை

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை. மர நிழலில் கேரியரைத் திறந்து கறிக்குழம்பு ஊற்றுவதற்குள் அப்பா கேட்டுவிடுவார்: "டெஸ்ட்ல எவ்வளவு கண்ணு?" பிள்ளை மார்க்கைச் சொல்லிவிட்டு, "வயிறு வலிக்குதுங்கப்பா" என்பான். ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை போல என்று அம்மா ஓமத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுவார்.

பரீட்சைக்குப் பரீட்சை வரும் வயிற்று வலி, தூக்கமின்மை, பிடித்த விளையாட்டின் மேலும் வெறுப்பு. இவை வாரக்கணக்கில் நீடித்தால் மனசு உடம்பு வழியாகப் பேசுகிறது என்று பொருள் இருக்கலாம். செரிமான மண்டலத்தை வரைந்து பாகம் குறிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, பயத்தில் அதே வயிறு ஏன் பிசைகிறது என்று நாம் சொல்லித் தரவில்லை.

இந்தப் பயத்தை வளர்க்கும் மதிப்பெண் பந்தயத்தில் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்திய பள்ளிகள் பல. 2017-இல் தமிழக அரசு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. 2017-18-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது. 2025-26 முதல் அதையும் நீக்கியது. தேர்வு வந்தது, போனது. பந்தயம் அப்படியே இருக்கிறது.

பெற்றோர் கையில் இப்போது ஒரு பிடி இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த மாணவியின் மரண வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் நெறிமுறைகள் வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்டோர் படிக்கும் கல்வி நிறுவனத்தில் தகுதியான மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். முடிந்தவரை மார்க்கை வைத்து செக்‌ஷன் பிரிக்கக் கூடாது, எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தக் கூடாது. ஆசிரியர்களுக்கு வருடம் இருமுறை பயிற்சி வேண்டும். மனநல அறிவை மாணவர்களுக்குக் கற்பிக்கவும் வேண்டும். தனிச் சட்டம் வரும்வரை இவை கட்டுப்படுத்தும். அட்மிஷனுக்குப் போகும்போதே, "ஆலோசகர் யாருங்க, எந்த நேரத்துல பார்க்கலாம்?" என்று கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலரிடமோ, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்திலோ எழுதிக் கொடுங்கள்.

அரசு மனநல சிகிச்சை பெறுவது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை. அதே சட்டம், உயிரை விட முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. போலீஸ் கேஸாகுமே என்று பயந்து மறைப்பதில் சிகிச்சைதான் தள்ளிப்போகிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணில் கட்டணமில்லாமல், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

பிள்ளையின் தவிப்பு பெரும்பாலும் முதலில் தெரியவருவது பக்கத்துக் கட்டில் நண்பனுக்குத்தான். "இருக்கவே பிடிக்கலடா, யார்கிட்டயும் சொல்லாத" என்று ஒருவன் சொன்னால், அந்த ரகசியத்தைக் காக்க வேண்டியதில்லை என்று வகுப்பில் சொல்லித் தர வேண்டும். சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவனைத் தனியே விடாமல் ஒருவன் கூட இருக்க, இன்னொருவன் போய் வார்டனை எழுப்ப வேண்டும். இரவு எத்தனை மணியானாலும் சரி, எழுப்பியவனை வார்டன் திட்டக் கூடாது.