பள்ளிக்கு வெளியே கணினி அறிவியல் தேர்வு

இங்கிலாந்தில் ஜி.சி.எஸ்.இ கணினி அறிவியல் தேர்வைப் பள்ளியில் படிப்பவர் மட்டும்தான் எழுத வேண்டும் என்றில்லை. வீட்டிலேயே படிக்கும் பிள்ளையும் எழுதலாம், வேலை மாற நினைக்கும் நாற்பது வயதுக்காரரும் எழுதலாம். தமிழ்நாட்டில் தனித்தேர்வர் என்றும் இலங்கையில் தனியார் பரீட்சார்த்தி என்றும் சொல்வது இவர்களைத்தான். இலங்கையில் அவர் பரீட்சைத் திணைக்களத்துக்கு நேரே விண்ணப்பித்துவிடலாம். இங்கிலாந்தில் தேர்வு வாரியங்கள் தனி ஆளிடம் விண்ணப்பம் வாங்குவதில்லை. அங்கீகாரம் பெற்ற தேர்வு மையம் ஒன்று அவர் பெயரைப் பதிய வேண்டும். அலைச்சல் தொடங்குவது இங்கேதான்.

உதாரணத்துக்குத் தெற்கு லண்டனின் ஸ்ட்ரெதமை எடுத்துக்கொள்வோம். தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் டூட்டிங்குக்கு அடுத்த ஊர் அது. ஊரில் பள்ளி இருக்கிறது என்பதற்காக அது வெளியாரையும் எழுத விடும் என்று எண்ணக்கூடாது. தங்கள் மாணவரைத் தவிர வேறெவரையும் ஏற்காத பள்ளிகளே அதிகம். தேர்வு வாரியங்களின் கூட்டமைப்பான ஜே.சி.க்யூ, தனித்தேர்வரை ஏற்கும் மையங்களைத் தேட இணையத்தில் வழி வைத்திருக்கிறது. தேடலை ஸ்ட்ரெதமோடு நிறுத்தத் தேவையில்லை. ஸ்ட்ரெதம் காமன் நிலையத்தில் ரயிலேறினால் கிராய்டன் சில நிறுத்தங்கள்தான். ஸ்ட்ரெதம் நிலையத்திலிருந்து டூட்டிங் வழியாக விம்பிள்டன் போகலாம். கட்டணம் மையத்துக்கு மையம் மாறுவதால் இரண்டு மூன்று இடங்களில் விசாரிப்பது நல்லது.

மையம் முதலில், புத்தகம் பிறகு. எந்த வாரியத்தின் தாளை மையம் நடத்துகிறது என்று தெரியாமல் படிக்க உட்கார்ந்தால் பாதி உழைப்பு வீணாகும். ஓ.சி.ஆர் வாரியத்தில் ஒன்றரை மணி நேரத் தாள்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 80 மதிப்பெண். ஏ.க்யூ.ஏ-வில் இரண்டு தாளும் தலா 90 மதிப்பெண். நிரல் தாளைப் பைத்தான், சி ஷார்ப், விபி.நெட் மூன்றில் ஒரு மொழியில் எழுதலாம். எடெக்ஸெல் வாரியத்தின் இரண்டாம் தாளில் கணினியில் உட்கார்ந்து பைத்தான் நிரலே எழுத வேண்டும். அதற்குக் கணினியும் மேற்பார்வையும் தேவை என்பதால் தனித்தேர்வருக்கு எல்லா மையமும் அதை ஒத்துக்கொள்வதில்லை.

முன்பு தனித்தேர்வர் இந்தத் தேர்வை எழுதுவது இவ்வளவுகூட எளிதாக இருந்ததில்லை. ஆசிரியர் கண்காணிப்பில் 20 மணி நேரம் செய்ய வேண்டிய நிரல் பணி ஒன்று இருந்தது. மொத்த மதிப்பெண்ணில் அது 20 சதவீதம். 2017-ல் அந்தப் பணிக்கான விடைகள் இணையத்தில் பரவின. 2018 ஜனவரியில் தேர்வு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்குவல் அதன் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. 2022 முதல் தேர்வு நடக்கும் இன்றைய பாடத்திட்டங்களில் தாள்கள் மட்டுமே மதிப்பெண் தருகின்றன. விடையைக் கசியவிட்டவர்கள் தெரியாமலே தனித்தேர்வருக்குச் செய்த உபகாரம் என்றே இதைச் சொல்ல வேண்டும்.

தாள்கள் எப்படி இருக்கும்? ஓ.சி.ஆர், ஏ.க்யூ.ஏ இரண்டிலும் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. 01101101 என்ற இரும எண்ணைக் கையாலேயே 109 என்றும், பதினறும (ஹெக்ஸாடெசிமல்) எண்ணாக 6டி என்றும் மாற்றத் தெரிய வேண்டும். வீட்டில் பைத்தான் மட்டும் பழகியவர் தடுமாறும் இடம் வேறு. ஓ.சி.ஆர் தாளுக்கென ஒரு குறிப்பு மொழி வைத்திருக்கிறது. அதில் ‘ஃபார் ஐ = 0 டு 3’ என்ற சுழற்சி நான்கு முறை ஓடும். பைத்தானில் ‘ரேஞ்ச்(0, 3)’ மூன்று முறையோடு நின்றுவிடும். நன்றாக நிரல் எழுதுகிற பிள்ளையும் இந்த ஒரு சுற்றில் மதிப்பெண் விடுவதுண்டு. ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில், சர்க்கரை வியாபாரி ஹென்றி டேட்டின் கொடையில் எழுந்த நூலகத்தில் உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் பேனாவால் எழுதிப் பழகுவது, கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதை விடப் பயன் தரும்.

ஜி.சி.எஸ்.இ-க்கு அடுத்த கட்டமான ஏ லெவலின் கதை வேறு. ஓ.சி.ஆர், ஏ.க்யூ.ஏ இரண்டிலும் 20 சதவீத மதிப்பெண் மாணவர் தாமே செய்யும் நிரல் திட்டத்துக்குப் போகிறது. அது அவருடைய சொந்த வேலைதான் என்று ஆசிரியர் உறுதிசெய்து மதிப்பெண் போட வேண்டும். முகம் தெரியாத ஒருவருக்காக அந்தப் பொறுப்பை ஏற்கும் மையங்கள் குறைவு, ஏற்பவை தனிக் கட்டணம் கேட்கும். கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனல் வாரியத்தின் ஏ லெவலில் திட்டப்பணி கிடையாது. நான்கு தாள்கள், ஒவ்வொன்றும் 75 மதிப்பெண். நான்காவது தாள் மட்டும் கணினியில் இரண்டரை மணி நேரம். தனித்தேர்வருக்கு இதுவே சுலபமான பாதை, நடத்தும் மையம் கிடைத்தால்.

ஜி.சி.எஸ்.இ கணினி அறிவியலுக்குக் கோடைத் தேர்வு மட்டும்தான். நவம்பரில் மறுதேர்வு ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் உண்டு, இதற்கு இல்லை. பதிவுக்கு வாரியங்களின் கடைசி நாள் வழக்கமாக பிப்ரவரி 21. மையங்கள் அதற்கு முன்பே கதவைச் சாத்திவிடும், தாமதித்தால் அபராதக் கட்டணம். டிஸ்லெக்சியா போன்ற காரணத்தால் கூடுதல் நேரம் வேண்டுவோர் பதிவின்போதே கேட்டுவிட வேண்டும். தேர்வு நாளில் பாஸ்போர்ட் போன்ற புகைப்பட அடையாளம் கையில் இருக்க வேண்டும்.

முடிவு ஆகஸ்டில் வரும். சான்றிதழ் அதற்குப் பிறகு, வீட்டுக்கு அல்ல, மையத்துக்கு வரும். வாங்காத சான்றிதழை மையம் பன்னிரண்டு மாதம் வைத்திருந்தால் போதும். அதற்குப் பிறகு அழித்துவிடவும் மையத்துக்கு உரிமை உண்டு.