தோற்பதற்கென்றே நிற்பவர்கள்

தேர்தல் முடிவுகள் பத்திரிகையில் வெளியானதும், வெற்றி பெற்றவர் யார் என்று பார்த்த கையோடு, டிபாஸிட்டைப் பறிகொடுத்தவர்கள் யார் யார் என்று தேடிப் பார்த்துச் சிரிப்பது நம்மில் பலருக்கு வழக்கம். "இந்த மனுஷருக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம்.

இத்தகைய மனிதர்களுக்குப் பஞ்சமே இல்லாத தேசம் அமெரிக்கா. அங்கே நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரஸிடெண்டுத் தேர்தல் நடக்கிறது. போட்டி என்னவோ இரண்டு பெரிய கட்சிகளுக்கு இடையேதான். ஆயினும் ஒவ்வொரு தடவையும் மூன்றாவது, நான்காவது அபேட்சகர்கள் முளைக்கத் தவறுவதில்லை. வெள்ளை மாளிகையில் தாங்கள் குடியேறப் போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் வீட்டாருக்கும் தெரியும். பின் எதற்காக நிற்கிறார்கள்? பதவிக்காகவா, பிரசாரத்துக்காகவா? மூன்று பேருடைய சரித்திரத்தைப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

ஏழாயிரம் வோட்டு

முதலாமவர் ஜேம்ஸ் பர்னி. கெண்டகியில் பிறந்தவர்; ஒரு காலத்தில் தாமே அடிமைகளை வைத்திருந்தவர். பின்னர் மனம் மாறித் தம்மிடம் இருந்தவர்களை விடுவித்தார். அடிமை முறையை எதிர்த்துப் பத்திரிகை நடத்தினார். 1836-ல் ஒரு கூட்டம் புகுந்து அவருடைய அச்சு இயந்திரத்தை உடைத்தெறிந்தது.

1840-ல் விடுதலைக் கட்சி என்ற சிறு கட்சி இவரைப் பிரஸிடெண்டுப் பதவிக்கு நிறுத்தியது. அபேட்சகரோ லண்டனில் நடந்த அடிமை எதிர்ப்பு மகாநாட்டுக்குக் கப்பலேறிவிட்டார்! சுமார் 24 லட்சம் வோட்டில் அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஏழாயிரம்.

1844-ல் மறுபடியும் நின்றார். இம்முறை 62,000 வோட்டு. இங்கேதான் கதை விபரீதமாகிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு ராஜ்யத்துக்கும் இத்தனை பிரதிநிதிகள் என்று கணக்கு உண்டு. ராஜ்யத்தில் யாருக்கு அதிக வோட்டோ, அவருக்கே பெரும்பாலும் அத்தனை பிரதிநிதிகளும் சேர்ந்துவிடுவார்கள். நியூயார்க்கில் ஹென்றி கிளேயைக் காட்டிலும் ஜேம்ஸ் போக் பெற்ற வோட்டு சுமார் 5,100தான் அதிகம். பர்னி அங்கே பெற்றது 15,800. நியூயார்க்கின் 36 பிரதிநிதிகள் மாறியிருந்தால் பிரஸிடெண்டே மாறியிருப்பார்.

கிளேயும் அடிமைகளை உடையவர்தான். ஆனால் டெக்ஸாஸை உடனே சேர்த்துக்கொள்வதில் அவருக்குத் தயக்கம் இருந்தது. போக் அதற்காகவே முழங்கினார். 1845-ல் டெக்ஸாஸ் அடிமை ராஜ்யமாகவே சேர்ந்தது. அடிமை முறையை ஒழிக்க விரும்பியவர்களின் வோட்டு, அது பரவுவதற்கே துணை செய்தது என்று எதிரிகள் ஏசினார்கள். அந்த ஏச்சில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. லட்சியவாதி கொடுக்கும் விலையை எப்போதும் லட்சியவாதியே கொடுப்பதில்லை. அங்கே அதைக் கொடுத்தவர்கள், வோட்டே இல்லாத நீக்ரோ அடிமைகள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1848-ல் அந்தக் கட்சியினரில் பலர் 'சுதந்திர மண்' கட்சியில் கலந்தார்கள். புதிய பிரதேசங்களில் அடிமை முறை பரவக் கூடாது என்பது அக்கட்சியின் கோஷம். கோரிக்கை முன்னைவிடச் சிறிது, வோட்டோ 2,91,000. 1854-ல் குடியரசுக் கட்சி தோன்றி இவர்களையும் சேர்த்துக்கொண்டது. 1860-ல் அக்கட்சியின் லிங்கன் வென்றார். அவருடைய நிதி மந்திரியான ஸால்மன் சேஸ் பழைய விடுதலைக் கட்சிக்காரர். 1865-ல் சட்டப்படி அடிமை முறை ஒழிந்தது. ஏழாயிரம் வோட்டுக்கும் இந்த நாளுக்கும் இடையே இருபத்தைந்தே ஆண்டுகள். நடுவில் ஒரு கோரமான உள்நாட்டு யுத்தம்.

கைதி நம்பர் 9653

இரண்டாமவர் யூஜின் டெப்ஸ். ரயில்வே தொழிலாளியாயிருந்து தலைவரானவர். சோஷலிஸ்டு அபேட்சகராக ஐந்து முறை நின்றார். 1908-ல் 'சிவப்பு ஸ்பெஷல்' என்ற ரயிலில் ஊர் ஊராகச் சென்றார். 1912-ல் ஒன்பது லட்சம் வோட்டு, அதாவது நூற்றுக்கு ஆறு, அவருக்குக் கிடைத்தது.

1918-ல் யுத்தத்தை எதிர்த்துப் பேசியதற்காகப் பத்து ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். 1920 தேர்தலின்போது அவர் இருந்தது அட்லாண்டாச் சிறையில். 'பிரஸிடெண்டு பதவிக்குக் கைதி நம்பர் 9653' என்று பொறித்த பித்தான்களைத் தொண்டர்கள் சட்டையில் அணிந்துகொண்டார்கள். மேடை ஏறாத அந்தக் கைதிக்கு மீண்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல் வோட்டு விழுந்தது. பெண்களும் தேசம் முழுவதும் வோட்டளித்த தேர்தலாதலால், விகிதத்தில் இது நூற்றுக்கு மூன்றரைக்குள்தான். அடுத்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் தினத்தன்று, அவரைத் தோற்கடித்த பிரஸிடெண்டு ஹார்டிங்கே அவரை விடுதலை செய்தார்.

மூன்றாமவர் நார்மன் தாமஸ், பாதிரியார். 1928 முதல் 1948 வரை தொடர்ந்து ஆறு தேர்தல்களில் நின்று ஆறிலும் தோற்றார். பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த 1932-ல் அவர் பெற்றது சுமார் 8,85,000 வோட்டு. 1936-ல் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. காரணம் என்ன? முதியோர் உதவித் தொகை, வேலையில்லாதோருக்கு இன்ஷூரன்ஸ், குறைந்தபட்சக் கூலி, குழந்தைத் தொழிலுக்குத் தடை ஆகிய யாவும் 1912-லேயே சோஷலிஸ்டுகள் கேட்டவை. இவற்றில் பலவற்றைப் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1935-லும் 1938-லும் சட்டமாக்கினார். அந்தப் பெருமை முழுவதும் சோஷலிஸ்டுகளுக்கே உரியது அல்ல. 1912-ல் தியோடர் ரூஸ்வெல்ட்டின் முற்போக்குக் கட்சியும் இத்தகைய கோரிக்கைகளைச் சொல்லிற்று. ரூஸ்வெல்ட் உங்கள் திட்டத்தைத்தானே எடுத்துக்கொண்டு போனார் என்று கேட்டவர்களுக்கு, ஆம், ஸ்ட்ரெச்சரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார் என்ற பொருளில் தாமஸ் பதில் சொன்னார். பெரிய கட்சியின் கைக்குப் போகும் கருத்து முழு ஆரோக்கியத்துடன் போவதில்லை!

விடை என்ன?

பதவிக்கா, பிரசாரத்துக்கா என்ற கேள்வியே சற்றுப் பிழையானது. வெறும் பிரசாரம்தான் நோக்கமென்றால் துண்டுப் பிரசுரம் போதும். துண்டுப் பிரசுரத்தைப் படித்தவர் எத்தனை பேர், ஒப்புக்கொண்டவர் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. வோட்டை எண்ணுகிறார்கள். பெரிய கட்சிக்காரர்களுக்குப் புரிகிற பாஷை அந்த எண் ஒன்றுதான். ஆகவே கருத்துப் பரவ வேண்டுமென்று விரும்புகிறவனும், ஜயிக்க வந்தவனைப் போலவே வாசல் வாசலாகப் போய் வோட்டுக் கேட்டாக வேண்டும்.

ஆனால் நெருக்கமான போட்டியில் அந்த வோட்டு யாரைக் கவிழ்க்கும் என்பதையும் அவன் எண்ணிப் பார்க்க வேண்டும். 2000-ம் ஆண்டில் புளோரிடாவில் புஷ்ஷும் கோரும் 537 வோட்டு வித்தியாசத்தில் நின்றபோது, அங்கே ரால்ப் நேடர் பெற்றிருந்தது 97,000-க்கு மேல். பர்னியின் காலத்துச் சண்டை அப்படியே திரும்பி வந்தது.

அடுத்த தேர்தலில் பட்டியலின் கடைசியில் ஒரு பெயரைக் காணும்போது, நேயர்களே, சிரிப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். இவர் சொல்வதை இருபது ஆண்டு கழித்துப் பெரிய கட்சிக்காரர் யாராவது தம்முடைய சொந்த யோசனை என்று சொல்லக்கூடுமா? அதுவரையில் அதற்கான விலையைக் கொடுக்கப் போகிறவர் யார்? இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்லக்கூடிய அபேட்சகர், டிபாஸிட் போனாலும், மதிக்கத் தகுந்தவர்தான்.