விளையாட்டை நாமே மாற்றுவோம் – 9: குறிப்பேடு இருந்தால்தான் மாட் முடியும்

இந்தோனேசியாவின் மலியோ நிறுவனம் 2017-ல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'வில் இன்று தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளும் ஓடுகின்றன. ஓடவைத்தவர்கள் நம் இளைஞர்கள். வண்டியின் முப்பரிமாண உருவம் மாட். அதன்மேல் ஏறும் வண்ணப்படம் லிவரி. இரண்டையும் நாமே செய்து சேர்க்கலாம். உருவம் செய்வதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், பல மாட்களைப் பாதியில் நிறுத்திவிடும் குறை: ஒழுங்கின்மை.

அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் கும்பகோணம் கோட்டத்தின் காரைக்குடி மண்டலப் பேருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் லிவரியில் இருப்பவை: அடி நிறம், பக்கவாட்டுப் பட்டை, கழகத்தின் பெயர், டி.என். 63 எண் பலகை, 'காரைக்குடி – மதுரை, வழி: திருப்பத்தூர், மேலூர்' என்ற ஊர்ப் பலகை. எல்லாவற்றையும் ஒரே படமாக ஒட்டிவிட்டால், 2023-ல் வந்த மஞ்சள் வண்ணத்துக்கு மாற்ற முதலிலிருந்து வரைய வேண்டும். கிம்ப் மென்பொருளில் ஒவ்வொன்றும் தனி லேயராக (அடுக்காக) இருந்தால் அடி நிறத்தையும் பட்டையையும் மாற்றினால் போதும். விளையாட்டுக்குள் போவது தட்டையான படம். லேயர் பிரித்த மூலக் கோப்பை ஒருநாளும் அழிக்கக் கூடாது.

கோப்புறைகள் நான்கு போதும்: எடுத்த புகைப்படங்கள், உருவம் செய்யும் பிளெண்டர் மென்பொருளின் கோப்புகள், லிவரி மூலங்கள், வெளியிட்டவை. கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கினால் அவை தாமாகவே காலவரிசையில் நிற்கும். பிளெண்டர் முந்தைய பதிப்பு ஒன்றைத் தானே வைத்திருக்கும். அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்ற மென்பொருள், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடும் நாம் எழுதும் குறிப்போடும் பதிந்துகொள்ளும். 'திருத்தம்' என்று மட்டும் எழுதினால் பயனில்லை. 'பின் சக்கரம் தரையில் புதைந்தது, உயர்த்தினேன்' என்று எழுதுங்கள்.

இப்படிக் குறித்துவைக்கும் பழக்கம், காரைக்குடி இருக்கும் செட்டிநாட்டுக்குப் புதிதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்த செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார், அன்றாடக் குறிப்பேட்டில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை போட்டார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என ஒவ்வொருவருக்கும் வேலை வகுக்கப்பட்டிருந்தது. கடைப் பொறுப்பில் இருந்த மேலாள் பொதுவாக மூன்றாண்டுக் கணக்கை முடித்து ஊர் திரும்புவார். அடுத்து வந்தவர் ஏட்டைப் பார்த்தே கடையை நடத்தினார். கடல் கடந்த தொழில் தலைமுறைகளாக நிலைத்ததில் அந்த எழுத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

மாட் குழுவுக்கும் அதுவே வேண்டும். உருவம் யார், வண்ணம் யார், சோதித்துப் பார்ப்பவர் யார் என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். படிப்பு, வேலை என்று ஒருவர் விலகினால் இன்னொருவர் தொடர முடிய வேண்டும். அடுத்தவர் செய்த உருவத்தை எடுத்தால் அவர் பெயரையும், அனுமதி தந்த தேதியையும் அதே ஏட்டில் குறியுங்கள். அனுமதி இல்லையென்றால் எடுக்காதீர்கள். மாட் செய்பவர்களுக்குள் இதில் சண்டை வருவதுண்டு.

இன்றிரவு கணினியை அணைக்கும் முன் மூன்று வரி எழுதுங்கள்: இன்று என்ன செய்தேன், எது சரியாக வரவில்லை, நாளை எதில் தொடங்குவேன். பிறகு எல்லாவற்றுக்கும் இன்னொரு வட்டில் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

(தொடரும்)