தகவல்மீதான சுயநிர்ணய உரிமை: மேற்கு ஜேர்மனியின் குடிசன மதிப்பீட்டுத் தீர்ப்பு

தனிமனிதனின் அந்தரங்கத்தைச் சட்டம் காத்தல் வேண்டும் என்னும் கருத்து நெடுங்காலமாக வீட்டையும் கடிதத்தையும் பற்றியதாகவே இருந்துவந்தது. அமெரிக்கச் சட்ட அறிஞரான வாரனும் பிராண்டைசும் 1890இல் எழுதிய கட்டுரை, பிறர் தலையீடின்றித் தன்பாட்டில் வாழும் உரிமையென இதனை விளக்கிற்று. கணனியின் வருகையோடு வினா வேறாயிற்று. ஒருவரைப் பற்றிச் சிதறிக் கிடந்த குறிப்புக்கள் ஓரிடத்திற் சேரும்போது அவற்றை ஆள்பவர் யார்? இதற்குச் சட்டவடிவில் முதலில் விடையிறுத்தது மேற்கு ஜேர்மனியின் ஹெசன் மாநிலமாகும் (1970). நாடு முழுவதற்குமான சட்டத்தை முதலில் இயற்றியது சுவீடன் (1973). எனினும், இவ்வுரிமைக்கு அரசியலமைப்பு அடித்தளம் இட்டது 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றேயாம்.

அவ்வாண்டு ஏப்பிரல் 27இல் மேற்கு ஜேர்மனியில் குடிசன மதிப்பீடு நடைபெறவிருந்தது. சமயம், கல்வி, தொழில், பிழைப்புக்கான வருவாய் வழி, வேலைக்குச் செல்லும் வாகனம் ஆகியன வினவப்பட்டன. தனித்தனியே நோக்கின் இவற்றில் அச்சந்தருவது எதுவுமில்லை. ஆயின், பெற்ற விபரங்களை உள்ளூர் வதிவோர் பதிவேட்டுடன் ஒப்பிட்டுத் திருத்துதற்கும் அச்சட்டம் இடமளித்தது. புள்ளிவிபரத்துக்கெனக் கூறியது நிருவாகத்தின் கைக்கு மாறும் என்பதே இதன் பொருள். நாசி ஆட்சியில் 1939இல் நிகழ்ந்த மதிப்பீடு, ஒருவரின் பாட்டன் பாட்டியர் யூதரா என வினவியதை அந்நாடு மறந்திருக்கவில்லை. முறைப்பாடுகள் குவிந்தன. கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் ஏப்பிரல் 13இல் இடைக்காலத் தடை விதித்து, டிசெம்பர் 15இல் தீர்ப்பு வழங்கியது.

மனித மாண்பு, ஆளுமையின் சுதந்திர வளர்ச்சி ஆகியவற்றைக் கூறும் உறுப்புரைகளிலிருந்து நீதிமன்றம் தகவல்மீதான சுயநிர்ணய உரிமையை வருவித்தது. மக்களினங்களுக்குரியதாக நாம் கேட்டுப் பழகிய சொல், ஈண்டுத் தனியொருவருக்கு உரியதாயிற்று. தானியங்கு முறையில் தரவுகள் கையாளப்படுமிடத்து அற்பத் தரவு என ஒன்றில்லை என்றது நீதிமன்றம். கூட்டமொன்றிற் பங்குபற்றினால் அது பதியப்படும் என அஞ்சுபவர் அதற்குச் செல்லாதொழியலாம்; அதனாற் சனநாயகமும் நலிவுறும் என்பது அதன் வாதம். தீர்ப்பின் உயிர்நிலை இதுவே என்பது எமது துணிபு. குடிசன மதிப்பீட்டை அது முற்றாக மறுக்கவில்லை. பதிவேட்டு ஒப்பீட்டையே செல்லாததாக்கியது. திருத்திய சட்டத்தின்கீழ், பகிஷ்கரிப்புக் குரல்களிடையே, 1987இல் மதிப்பீடு நடைபெற்றது.

ஒரு நோக்கத்துக்குப் பெற்றதைப் பிறிதொன்றுக்குப் பயன்படுத்தலாகாது என்னும் நெறி, 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியிலும் இடம்பெறுகின்றது. கடும் மீறல்களுக்கு நிறுவனத்தின் உலகளாவிய ஆண்டு விற்றுவரவில் 4 வீதம் வரையும் தண்டம் விதிக்கலாம். ஐக்கிய அமெரிக்காவின் 1974ஆம் ஆண்டுச் சட்டமோ கூட்டாட்சி அரசின் திணைக்களங்களை மட்டுமே கட்டுப்படுத்துவது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் 2017இல் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென ஒருமனதாக ஏற்றனர்.

இலங்கையில் தனியாள் தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. தேசிய பாதுகாப்பு முதலிய காரணங்களுக்கான விதிவிலக்குகள் அதில் உள. அவை அவசியமானவையாகவும் விகிதசமமானவையாகவும் இருத்தல் வேண்டும் எனவும் அது கூறுகின்றது. ஆனால் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கம் தனியோர் உரிமையாகக் கூறப்படவில்லை. 2015இற் சேர்க்கப்பட்ட 14அ உறுப்புரையும் தகவல் அறியும் உரிமைக்கு ஒரு வரம்பாகவே அதனைக் குறிப்பிடுகின்றது.