பூஞ்சணத்தில் வளரும் புழு

தேத்தண்ணியைக் குடியும் தம்பி, இது கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டிய விஷயம். போத்தலில் பூஞ்சணம் வளர்த்து, அதில் புழுவைப் பெருக்கிப் பூச்சியை அழிக்கிறார்களாம், பேசாலைத் தென்னையில் விழுகிற கருவண்டுக்கும் அது சரிவருமா என்று கேட்டீர். வளர்ப்பது மெய்தான். ஆனால் அந்தப் புழுவின் வேலை பைன் காட்டில்.

சிரெக்ஸ் என்றொரு குளவி, ஐரோப்பாவிலிருந்து நியூசிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்தது. பைன் மரத்தைத் துளைத்து முட்டையிடும்போது நஞ்சுச் சளியையும் ஒரு பூஞ்சணத்தையும் கூடவே விட்டுவிடும். மரம் பட்டுப்போகும். 1962இல் நியூசிலாந்தில் இந்தக் குளவிக்குள் ஒரு வட்டப்புழுவைக் கண்டார்கள். அவுஸ்திரேலியாவின் ரொபின் பெடிங் அதை ஆராய்ந்தபோது, அதற்கு இரண்டு சீவியம் என்று தெரிந்தது. குளவி கிட்ட இல்லாவிட்டால் அதே பூஞ்சணத்தைத் தின்று மரத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். குளவியின் குடம்பி பக்கத்தில் இருந்தால் வேறு உருவத்தில் பெண்புழு தோன்றும்; இரண்டும் ஒரே இனம் என்று பார்த்தால் நம்பமாட்டீர். அது குடம்பியைத் துளைத்து உள்ளே போகும். அதன் குஞ்சுகள் பெண் குளவியின் முட்டைகளுக்குள் புகுந்துவிடும். குளவி சாகாது. பறந்துபோய் அடுத்த மரத்தில் புழு நிறைந்த முட்டைகளை இடும். கூலி கேட்காத சுமைகாரன்!

பூஞ்சணம் தின்கிற சீவியம் மனிசருக்கு வசதியாகப் போயிற்று. அவித்த கோதுமையில் பூஞ்சணத்தைப் படரவிட்டுப் புழுவை இட்டால், ஒரு குடுவையில் பல இலட்சம். கூழில் கலந்து மரத்துளைகளில் விட்டார்கள், 1970 முதல்.

வினையும் அதே வசதியில்தான் வந்தது. வருடக்கணக்காகப் பூஞ்சணத்திலேயே வளர்ந்த புழுவுக்குக் குளவிக்குள் நுழையும் திறன் குறைந்துபோயிற்று. கண்காணிப்பும் தளர்ந்திருந்தது. 1987 தொடங்கித் தென் அவுஸ்திரேலியா, விக்டோரியா எல்லைத் தோட்டங்களில் ஏறத்தாழ 50 இலட்சம் மரங்கள் பட்டன. முதலில் புழுவை விட்ட தஸ்மேனியாவின் கமோனாக் காட்டுக்கே திரும்பிப்போய், 1991இல் வீரியமுள்ள புழுவை மீட்டார்கள். இப்போது திரவ நைதரசனில் உறையவைத்துக் காக்கிறார்கள்.

எங்கள் பக்கத்துப் புழு வேறு. கோயம்புத்தூரில் கண்டெடுத்து 1992இல் பெயரிட்ட ஹெற்றரோரப்டிற்றிஸ் இண்டிகா பூஞ்சணம் தின்னாது. வயிற்றில் ஒரு பற்றீரியாவைக் காவித்திரியும்; பூச்சிக்குள் புகுந்து அதைக் கக்கினால் இரண்டொரு நாளில் பூச்சி சரி. இதைத் தேன்கூட்டை அரிக்கும் மெழுகுப்பூச்சியின் புழுவில் வளர்ப்பார்கள். மணல் அதற்குப் பிடிக்கும், மன்னார் வெயில் பிடிக்காது. கருவண்டின் குடம்பி கிடப்பது எருக்குவியலில். பரீட்சித்துப் பார்ப்பதென்றால் குவியலை நனைத்து, பொழுதுபட்ட பிறகு ஊற்றும். குவியல் காயவும் விடக்கூடாது.